புதுப் பாட்டுக்கு இடம் உண்டா?
பாலமுரளிகிருஷ்ணாவின் இசை வாழ்க்கை

செகந்தராபாத்தின் பத்மாராவ் நகரிலோ மாரேட்பள்ளியிலோ மாலை வேளையில் நடந்து சென்றால், சில வீடுகளிலிருந்து தமிழ்ப் பேச்சு நம் காதில் விழும். அவற்றுள் சிலவற்றிலிருந்து சரளிவரிசையும் கேட்கும். ஊர் மாறினாலும் குழந்தைக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிடவில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தஞ்சையிலும் திருச்சியிலும் நம் பாட்டிமார் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமலே பக்தியோடு பாடி வந்தனர். ஐதராபாத்தில் வளரும் நம் பேரக்குழந்தைகளோ பள்ளிக்கூடத்திலும் கடைத்தெருவிலும் தெலுங்கு கேட்டுப் பழகியவர்கள். பாட்டின் பொருளை அவர்கள் நமக்கு எடுத்துச் சொல்கிறார்கள்.

இவ்வாறு பொருளுணர்ந்து பாடும் குழந்தை ஒருநாள் ஒரு கேள்வி கேட்கத்தான் செய்யும். "இந்தப் பாட்டுகளை இயற்றியவர்கள் எல்லோரும் எப்போதோ வாழ்ந்தவர்கள்தாமா? நம் காலத்தில் யாரும் இயற்றவில்லையா?" என்று அது கேட்டால் நாம் என்ன விடை சொல்வது? நம்மில் பலர் சற்றுத் திகைத்துப் போவோம். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இலும் சியாமா சாஸ்திரிகள் 1827-இலும் மறைந்தனர். கச்சேரியில் நாம் விரும்பிக் கேட்பவை பெரும்பாலும் அவர்களுடைய உருப்படிகளே. சங்கீதத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் முன்னோர் செய்து முடித்துவிட்டனர், நமக்கு எஞ்சியது பாடுவது ஒன்றே என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எங்கோ ஊன்றிக் கிடக்கிறது.

இந்த எண்ணம் சரிதானா என்பதை ஒருவர் வாழ்க்கையை வைத்துப் பார்ப்பது நலம். அவர் மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா. ஆந்திர நாட்டில் பிறந்து, வானொலியில் வளர்ந்து, சென்னையில் நிலைத்து, தெலுங்கிலும் வடமொழியிலும் தமிழிலும் கன்னடத்திலும் பாடல் இயற்றியவர் அவர். ஆந்திரத்திலிருந்து தமிழகம் சென்று வாழ்ந்த அவருடைய வரலாறு, தமிழகத்திலிருந்து இங்கு வந்து வாழும் நமக்கு ஒருவகையில் அண்டை வீட்டாரின் வரலாறே ஆகும்.

முதலில் இசை இயற்றுபவர் என்றால் யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மேனாடுகளில் இது தனியான ஒரு தொழில். இசையை இயற்றுகிறவர் ஒருவர்; அவர் எழுதித் தந்ததை வாசிக்கிறவர் வேறொருவர். ஸ்பெயின் நாட்டின் ஜோகின் ரோத்ரிகோ என்பவரை எடுத்துக்கொள்வோம். 1901-இல் பிறந்த அவர் மூன்றாம் வயதில் நோயினால் கண்பார்வை இழந்தார். பிரெயில் எழுத்தில் தம் இசையைக் குறித்து வைத்து, பிறகு ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லிப் பிறரை எழுதவைத்தார். 1939-இல் கிதார் வாத்தியத்திற்கும் வாத்தியக் குழுவுக்குமாக அவர் இயற்றிய அரன்ஹுவேஸ் இசைப்படைப்பு, மறு ஆண்டு பார்சிலோனா நகரில் அரங்கேறி உலகப்புகழ் பெற்றது. ஆயினும் ரோத்ரிகோ கிதார் வாசிப்பவர் அல்லர். அவருக்குப் பழக்கமான வாத்தியம் பியானோ. இயற்றுவது அவர் கடமை. வாசிப்பது கிதார்க் கலைஞரின் கடமை. அங்கே இவ்விரண்டும் தனித்தனியே நின்று ஒன்றையொன்று தாங்குகின்றன.

நம் மரபில் இயற்றுபவரை வாக்கேயகாரர் என்கிறோம். வாக்கு என்பது சொல். கேயம் என்பது பாடப்படுவது. சொல்லும் மெட்டும் ஒரே உள்ளத்தில் பிறக்க வேண்டும். பெரும்பாலும் பாடுகிறவரும் அவரே. இது மிகவும் உயர்ந்த இலட்சியந்தான். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் சபாக் கச்சேரிகள் பெருகியபோது பாடகர் பெரும்பாலும் பிறர் பாடலைப் பாடுபவராகவே ஆனார். இரசிகர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டையே எதிர்பார்த்து வந்து அமர்ந்தனர். அந்த மேடையில் ஒருவர், "இது நான் இயற்றியது" என்று பாடுவதற்குத் துணிவு வேண்டும். பாபநாசம் சிவன் போன்ற பெரியோர் பாடல் புனைந்து பிறர் பாடக் கேட்டு மகிழ்ந்தனர். பாலமுரளிகிருஷ்ணாவோ தாமே இயற்றித் தாமே முன்னணி மேடைகளில் பாடினார். அதனால் பாராட்டும் பெற்றார்; கண்டனமும் பெற்றார்.

1930-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள், கிழக்குக் கோதாவரி மாவட்டமாக அப்போது விளங்கிய பகுதியில் சங்கரகுப்தம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை பட்டாபிராமய்யா புல்லாங்குழல், வயலின், வீணை ஆகியவற்றில் பயிற்சி உடையவர். தாய் சூரியகாந்தம்மா வீணை வாசித்தவர். குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் காலமானார். தந்தையின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவன் முரளிகிருஷ்ணா, பாருபள்ளி இராமகிருஷ்ணய்ய பந்துலுவிடம் மாணவனாகச் சேர்ந்தான். விஜயவாடாவில் நடைபெற்ற தியாகராஜர் ஆராதனையில் எட்டு வயதில் அவன் பாடிய கச்சேரியைக் கேட்டு வியந்த ஹரிகதை வித்வான் முசுனூரி சூரியநாராயணமூர்த்தி பாகவதர், பெயருக்கு முன் 'பால' என்னும் அடையைச் சேர்த்தார். அன்று முதல் அவர் பாலமுரளிகிருஷ்ணா ஆனார். முதுமையிலும் அந்தப் பாலப்பட்டம் அவரை விட்டு நீங்கவில்லை.

அவருடைய குருபரம்பரையை நாம் நினைவிற் கொள்ள வேண்டும். திருவையாற்றில் தியாகராஜரிடம் பயின்றவர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யர். அவரிடம் பயின்றவர் சுசர்ல தட்சிணாமூர்த்தி சாஸ்திரி. சாஸ்திரியாரிடம் பயின்றவர் பாருபள்ளி பந்துலு. பந்துலுவின் மாணவர் பாலமுரளிகிருஷ்ணா. காவிரிக்கரையில் பிறந்த தெலுங்குப் பாடல்கள் இந்த நால்வரின் வழியாகக் கிருஷ்ணா நதிக்கரைக்கு வந்து சேர்ந்தன. தமிழ் மண்ணில் தெலுங்கு வளர்ந்ததும், அது தெலுங்கு மண்ணுக்குத் திரும்பியதும், அங்கிருந்து ஒருவர் மீண்டும் சென்னைக்கு வந்ததும் ஒரே கதையின் பகுதிகள். பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் கலையை இழந்துவிடுகிறார்கள் என்று வருந்துவோருக்கு இக்கதை ஆறுதல் அளிக்கும்.

இனி அவருடைய முதற்பெரும் பணிக்கு வருவோம். கர்நாடக சங்கீதத்தில் மேளகர்த்தா இராகங்கள் எழுபத்திரண்டு என்பதை நாம் அறிவோம். இக்கணக்கின் அடிப்படை எளிமையானது. ஸட்ஜமும் பஞ்சமமும் மாறாதவை. ரிஷபமும் காந்தாரமும் சேரும் வகைகள் ஆறு. தைவதமும் நிஷாதமும் சேரும் வகைகள் ஆறு. ஆறை ஆறால் பெருக்கினால் முப்பத்தாறு. மத்யமம் இருவகை ஆதலால் முப்பத்தாறு இரட்டித்து எழுபத்திரண்டு ஆகிறது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையில் வாழ்ந்த வேங்கடமகி இந்தக் கணக்கை வகுத்தார். கணக்கு எளிதாயினும் அவற்றுள் பல இராகங்கள் பாடுவதற்குக் கரடுமுரடானவை. சங்கராபரணத்திற்கும் கல்யாணிக்கும் நூற்றுக்கணக்கான உருப்படிகள் இருக்க, பல மேளங்கள் பெயரளவிலேயே நின்றன.

அவை ஒவ்வொன்றுக்கும் கீர்த்தனை அமைக்கும் முயற்சியில் முன்னோடியாக நின்றவர் தமிழ்நாட்டின் கோடீசுவர ஐயர். எழுபத்திரண்டு மேளங்களிலும் அவர் தமிழில் கீர்த்தனைகள் இயற்றினார். அந்த மாமலையில் ஏற முனைந்த அடுத்த தலைமுறையினருள் பாலமுரளிகிருஷ்ணா ஒருவர்; அப்போது அவர் சிறுவர். பதினைந்து வயதிற்குள் எழுபத்திரண்டு மேளங்களையும் கற்றுத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் கிருதி இயற்றத் தலைப்பட்டார். அப்பாடல்கள் 'ஜனகராக கிருதி மஞ்சரி' என்னும் பெயரில் 1952-இல் நூலாக வெளிவந்தன. பிற்காலத்தில் அவர் குரலிலேயே 'ராகாங்க ராவளி' என்ற பெயரில் ஒன்பது தொகுதிகளாகப் பதிவு செய்யப்பட்டன. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் எழுபத்திரண்டு மேளங்களுக்கும் பாட்டுடன் புத்தகம் வெளியிட்டார் என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்கொழிந்த இராகங்களைச் சொல்லாலும் மெட்டாலும் மீண்டும் பாடக்கூடியவையாக்கும் பணி அது.

பாட்டு எழுதினால் மட்டும் போதாது; நாள்தோறும் அதைக் கேட்க ஆள் வேண்டும். அந்த வாய்ப்பை அவருக்கு அளித்தது வானொலி. சிறுவனாக இருந்தபோதே சென்னை வானொலியில் பாடியவர் அவர். ஐதராபாத்தில் நிஜாம் காலத்தில் 1935-இல் தக்காண வானொலி தொடங்கப்பெற்று, 1950-இல் அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. விஜயவாடா நிலையம் 1948-இல் தோன்றியது. விஜயவாடா, ஐதராபாத், சென்னை நிலையங்களில் பாலமுரளிகிருஷ்ணா இசைத் தயாரிப்பாளராகப் பணி செய்தார். விஜயவாடாவின் அரசு இசைக் கல்லூரிக்கு முதல்வராகவும் விளங்கினார்.

விஜயவாடா நிலையத்தின் 'பக்திரஞ்சனி' நிகழ்ச்சி இந்தக் காலத்தின் பெருங்கொடை. பாலாந்திரபு ரஜனிகாந்தராவ், பாலமுரளிகிருஷ்ணா போன்றோரின் உழைப்பால், விடியற்காலையில் தெலுங்கு வீடுகளில் பக்திப் பாடல்கள் ஒலிக்கும் பழக்கம் வேரூன்றியது. சபாவுக்குச் சீட்டு வாங்கிச் செல்ல முடியாதவரும் காபி கலக்கும் நேரத்தில் நல்ல சங்கீதத்தைக் கேட்டனர். இயற்றுபவருக்கு இது எத்தகைய பயிற்சிக்கூடம் என்பதை நாம் உணர வேண்டும். குறித்த நாளில் குறித்த நேரத்தில் நிகழ்ச்சி ஒலிபரப்பாக வேண்டும். அதற்குள் பாடலுக்கு மெட்டு அமைய வேண்டும். குழுவினருக்குக் கற்பிக்க வேண்டும். சில நிமிடங்களுக்குள் பாட்டு முழுமை பெற வேண்டும். அளவறிந்து சொல்லும் திறம் இத்தகைய பணியில்தான் கைவரும்.

இங்கே ஐதராபாத்வாசிகளாகிய நாம் பெருமைப்படத்தக்க செய்தி ஒன்று உண்டு. நகரத்தின் மேற்கே கோல்கொண்டா கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் அங்கே ஆண்ட அபுல் ஹசன் தானாஷா காலத்தில், கஞ்செர்ல கோபண்ணா என்னும் வருவாய் அதிகாரி, அரசுக்குச் சேர வேண்டிய வரிப்பணத்தைக் கொண்டு பத்ராசலத்தில் இராமர் கோயிலைத் திருப்பணி செய்தார் என்பதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டார். அவரே பத்ராசல இராமதாசர். அவர் இருந்ததாகக் கூறப்படும் சிறையறையைக் கோட்டைக்குச் செல்வோர் இன்றும் காணலாம். தியாகராஜர் தம் வாக்கில் போற்றிய பக்தர் இவர். இராமதாசரின் பாடல்கள் பஜனைகளிலும் மக்கள் வாய்மொழியிலும் வழங்கி வந்தன. அவற்றை வானொலி வழியாகவும் இசைத்தட்டு வழியாகவும் பாடி, நாடெங்கும் கச்சேரி மேடைக்குரிய மதிப்பை அளித்தவர்களுள் பாலமுரளிகிருஷ்ணா தலையாயவர். இன்று சென்னையிலோ மும்பையிலோ ஒரு தமிழர் இராமதாசர் கீர்த்தனையைப் பாடினால், பெரும்பாலும் பாலமுரளி பாடிய மெட்டே அவர் நாவில் எழுகிறது.

புதியது படைப்பவர் பழையதை வெறுப்பவர் என்று கருதுவது தவறு என்பதற்கு இது சான்று. முன்பு நாம் கூறிய ஸ்பானிய நாட்டு ரோத்ரிகோவும் இவ்வாறே செய்தார். இராமதாசர் வாழ்ந்த அதே பதினேழாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த கஸ்பார் சான்ஸ் என்பவர் கிதாருக்கு எழுதிய பழைய மெட்டுகளை எடுத்து, 1954-இல் ஒரு புதிய படைப்பாக அமைத்தார். தன் நாட்டின் பழம்பாட்டை நெஞ்சில் ஊறவைத்தவருக்கே புதுப்பாட்டு வாய்க்கிறது.

பாலமுரளிகிருஷ்ணாவின் வாழ்வில் அதிகமான விவாதத்தை எழுப்பியது அவர் படைத்த புதிய இராகங்களே. ஓர் இராகத்திற்குக் குறைந்தது ஐந்து ஸ்வரங்கள் வேண்டும் என்பது பழைய இலக்கண வழக்கு. அவரோ நான்கு ஸ்வரங்களில் இராகம் அமைத்தார். ஸட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், சுத்த தைவதம் ஆகிய நான்கே கொண்டது லவங்கி. ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் ஆகிய நான்கே கொண்டது மகதி. மகதி என்பது நாரதர் வீணையின் பெயர்; 1967-இல் வெளிவந்த 'பக்த பிரகலாதா' என்னும் தெலுங்குத் திரைப்படத்தில் நாரதராக நடித்தவரும் பாலமுரளிகிருஷ்ணாவே. சுமுகம் என்பது நான்கு ஸ்வரங்களில் அமைந்த மற்றோர் இராகம். மூன்றே ஸ்வரங்களில் சர்வஸ்ரீ, ஓங்காரி, கணபதி ஆகியவற்றையும் அவர் அமைத்தார்.

ஆர்மோனியம் உள்ளவர்கள் மகதியின் நான்கு ஸ்வரங்களையும் ஒருசேர அழுத்திப் பார்க்கலாம். மேனாட்டு இசையில் மிகவும் பழக்கமான ஒரு ஸ்வரக்கூட்டு அது. அவர்கள் ஒரே கணத்தில் சேர்த்து ஒலிப்பதை, நம் வித்வான் ஒன்றன்பின் ஒன்றாக நடத்திச் சென்று, கமகமும் சாகித்யமும் சேர்த்து, இராகமாகக் கேட்கச் செய்தார். இந்த மகதியைத் தமிழ் மக்கள் அறிந்தது திரைப்படத்தின் வழியாக. 1975-இல் கே. பாலசந்தர் இயக்கிய 'அபூர்வ ராகங்கள்' படத்திற்கு, எம்.எஸ். விஸ்வநாதன் மகதியை எடுத்தாண்டு மெட்டமைத்தார். கண்ணதாசன் பாடல் எழுத, கே.ஜே. யேசுதாஸ் பாடினார். சபா வாசலை மிதிக்காத பலரும் அந்த நான்கு ஸ்வரங்களை முணுமுணுத்தனர்.

ஆனால் வித்வான்கள் அனைவரும் இதை ஏற்கவில்லை. நான்கு ஸ்வரத்தையும் மூன்று ஸ்வரத்தையும் இராகம் என்பதா, அவற்றைத் தாம் படைத்ததாக ஒருவர் உரிமை கொள்ளலாமா என்று கேட்டவர் உண்டு. வீணை எஸ். பாலசந்தர் இவ்வுரிமையைக் கடுமையாக மறுத்தார். இருதரப்பிலும் சூடான சொற்கள் எழுந்தன. அந்த வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலை அன்று. எனினும் ஒன்றைச் சிந்திக்கலாம். ஸ்வரங்களை வரிசைப்படுத்துவது கணக்கு அறிந்த எவருக்கும் இயலும். தாளில் எழுதினால் ஆயிரக்கணக்கான வரிசைகள் கிடைக்கும். ஒரு வரிசையை இராகம் ஆக்குவது அதில் பிறக்கும் பாட்டு. தியாகராஜர் பாடிய அபூர்வ இராகங்கள் பலவற்றுக்கு அவருடைய கீர்த்தனையே நமக்குக் கிடைத்த முதல் இலக்கணம். ஆதலால், "இதை இராகம் என்று ஒப்புக்கொள்ளலாமா?" என்று கேட்பதைவிட, "இதில் அமைந்த பாட்டு மீண்டும் கேட்கத் தூண்டுகிறதா?" என்று கேட்பதே பயனுடையது. அதற்கு விடை கூற வேண்டியவர்கள் பண்டிதர்கள் மட்டுமல்லர், கேட்கிற நாமும்தான்.

தாளத்திலும் அவர் புதுவழி தேடினார். தாளம் போடும்போது ஓசையெழும் தட்டு உண்டு. ஓசையற்ற வீச்சும் விரல் எண்ணிக்கையும் உண்டு. ஓசையெழும் இடங்களில் மட்டும் நடையை மாற்றி அமைத்து, திரிமுகி, பஞ்சமுகி, சப்தமுகி, நவமுகி எனத் தாளவகைகளை அவர் வகுத்தார். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்னும் எண்களால் பெயர் பெற்றவை இவை. தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் திருப்புகழில் நடை மாறி மாறி ஓடும் சந்தங்களைப் பாடி வைத்தார். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரிக் கோயிலில் முருகனை வணங்கித் திருப்புகழ் பாடுவோர், அச்சந்தங்களின் ஓட்டத்தை நாவினாலேயே அறிவர். சந்தமாக இருந்த அந்த எண்ணத்திற்குத் தாள அங்கமும் இலக்கணமும் தரும் முயற்சி என்று பாலமுரளியின் பணியைக் கொள்ளலாம்.

தில்லானா அவருக்கு மிகவும் உகந்த வடிவம். கதனகுதூகலம், குந்தலவராளி, பிருந்தாவனி போன்ற இராகங்களில் அவர் இயற்றிய தில்லானாக்கள் பாட்டுக் கச்சேரிகளிலும் பரதநாட்டிய அரங்கங்களிலும் பரவியுள்ளன. அவரைப் போலவே 1930-இல் பிறந்த லால்குடி ஜெயராமனும் வர்ணங்களாலும் தில்லானாக்களாலும் நம் காலத்துச் செல்வத்தைப் பெருக்கினார். ஒரே ஆண்டில் பிறந்த இருவர், ஒருவர் குரலாலும் மற்றவர் வயலினாலும், 'எல்லாம் முடிந்துவிட்டது' என்ற எண்ணத்தைப் பொய்யாக்கினர் எனலாம். பாலமுரளிக்கு வயலினும் தெரியும்; மேனாட்டு வாத்தியமாகிய வயோலாவையும் அவர் கர்நாடக சங்கீதத்திற்குப் பயன்படுத்தினார். மிருதங்கமும் கஞ்சிராவும் வாசித்தார்.

சென்னை அவருடைய நிலையான இல்லமாயிற்று. தமிழ்த் திரையுலகம் அவரை வரவேற்றது. 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில், பாண்டியன் அவையில் செருக்கோடு பாடும் ஏமநாத பாகவதருக்கு அவர் குரல் கொடுத்தார். 1977-இல் 'கவிக்குயில்' படத்தில் இளையராஜா ரீதிகௌளை இராகத்தில் அமைத்த பாட்டைப் பாடினார். 'ஹம்சகீதே' என்னும் கன்னடப் படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகர் என்னும் தேசிய விருதும், 'மத்வாசாரியா' என்னும் கன்னடப் படத்திற்குச் சிறந்த இசையமைப்பாளர் என்னும் தேசிய விருதும் பெற்றார். 1978-இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி, 1991-இல் பத்மவிபூஷண், 2005-இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது என்று சிறப்புகள் தொடர்ந்தன. பண்டித பீம்சேன் ஜோஷி போன்ற வடநாட்டு மேதைகளுடன் ஒரே மேடையில் அமர்ந்து ஜுகல்பந்தி பாடினார்.

1988-ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய ஒருமைப்பாட்டுப் பாடலை நினைவில் வைத்திருப்போர் நம்மில் பலர். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பகுதி அமைந்த அப்பாடலில் தமிழ்ப் பகுதியைப் பாடியவர், கோதாவரிக் கரையில் பிறந்த பாலமுரளிகிருஷ்ணா. நம்மை எந்த மொழிக்காரராகக் கொள்வது என்ற கேள்வி வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சில வேளைகளில் எழுவதுண்டு. பிறந்த மொழியையும் வாழும் இடத்து மொழியையும் இரு கண்களாகக் கொள்ளலாம் என்பதற்கு அந்தச் சில நொடிகள் போதுமான விடை.

அவர் வளைந்து கொடுக்காதவர் என்பதையும் கூற வேண்டும். 1980-களில் ஆந்திர அரசு கலை அகாதெமிகளைக் கலைத்தபோது, அதை எதிர்த்து, அம்மாநிலத்தில் கச்சேரி செய்வதில்லை என்று உறுதி பூண்டார். தம்மைப் போற்றி வளர்த்த மண்ணில் பாடாதிருப்பது பாடகருக்குத் தண்டனையே. ஐதராபாத் இரசிகர்களுக்கும் அது இழப்பே. ஆயினும் கலைக்கு நிலையமும் ஆதரவும் வேண்டும் என்பதை அவர் தம் அனுபவத்தால் அறிந்தவர். வானொலி இல்லாதிருந்தால் தம் பாடல்கள் எத்தனை பேரை எட்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா?

2016-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். இங்கே நாட்காட்டி செய்த விளையாட்டு ஒன்றைக் கூறலாம். ஸ்பானிய நாட்டு ரோத்ரிகோ பிறந்தது ஒரு நவம்பர் 22. அவர் 1999-இல் மறைந்தது ஒரு ஜூலை 6. பாலமுரளி பிறந்தது ஜூலை 6. மறைந்தது நவம்பர் 22. ஒருவரின் தொடக்கநாள் மற்றவரின் முடிவுநாள். இதில் பொருள் ஏதும் தேட வேண்டுவதில்லை. ஆனால் இருவருக்கும் பின் என்ன ஆகிறது என்பதில் பொருள் உண்டு.

ரோத்ரிகோவின் இசை முழுவதும் தாளில் இருக்கிறது. அவர் இல்லாவிடினும் டோக்கியோவிலோ லண்டனிலோ ஒரு கிதார்க் கலைஞர் அந்தத் தாளை விரித்து வாசிக்கலாம். நம் சங்கீதத்தின் நிலை வேறு. ஸ்வரக்குறிப்பில் பாட்டின் எலும்பு இருக்கும். உயிர் வாய்வழியே வருவது. தியாகராஜரின் பாடல்கள் இன்றும் வாழ்வதற்குக் காரணம், தில்லைஸ்தானம், உமையாள்புரம், வாலாஜாப்பேட்டை எனச் சீடர் மரபுகள் தோன்றி அவற்றை மனப்பாடமாகக் காத்தமையே. அந்தச் சீடர்கள் தங்கள் காலத்தில் பாடியவையும் 'புதுப் பாட்டு'களே. "பழைய பாட்டு போதும்" என்று அவர்கள் அன்று இருந்திருந்தால், இன்று நமக்குப் பழைய பாட்டே இராது.

பாலமுரளிகிருஷ்ணா நானூறுக்கும் மேற்பட்ட உருப்படிகளை விட்டுச் சென்றிருக்கிறார். இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வானொலிப் பதிவுகளும் அவர் குரலைக் காத்து வைத்துள்ளன. தியாகராஜருக்குக் கிட்டாத பேறு இது. ஆனால் இதிலே ஓர் ஆபத்தும் இருக்கிறது. பதிவு இருக்கிறதே என்று நாம் கேட்டுக்கொண்டே இருந்துவிடலாம், பாடாமல் விட்டுவிடலாம். அவருடைய குரல் வளம் அத்தகையது. மூன்று ஸ்தாயியிலும் எளிதாக உலவும் அக்குரலுக்குப் பொருந்திய பாட்டைப் பாட மற்றவர் தயங்குவதும் இயல்பே. இயற்றியவரின் குரலோடு பாட்டும் பெட்டிக்குள் அடங்கிவிட்டால், அவர் வாக்கேயகாரராக வாழ்ந்ததன் பயன் பாதியாகிவிடும்.

ஆகவே இது வித்வான்களை மட்டும் பொறுத்த செய்தி அன்று. நாம் செய்யக்கூடியது சிறிதாயினும் உறுதியானது. குழந்தைகளின் இசையாசிரியரிடம், ஆண்டுக்கு ஓர் உருப்படியேனும் இருபதாம் நூற்றாண்டு வாக்கேயகாரருடையதாகக் கற்பிக்குமாறு கேட்கலாம். அது பாலமுரளியின் தில்லானாவாகவும் இருக்கலாம். கோடீசுவர ஐயரின் தமிழ்க் கீர்த்தனையாகவும் பாபநாசம் சிவனின் பாடலாகவும் இருக்கலாம். நவராத்திரிக் கொலுவிலும் நம் சங்கங்களின் விழாக்களிலும் அதைப் பாடச் செய்யலாம். கச்சேரியில் ஒருவர் புதுப்பாட்டு எடுக்கும்போது, எழுந்து வெளியே செல்லாமல், அமர்ந்து முழுவதும் கேட்கலாம். தெலுங்கின் பொருளும் தமிழின் சுவையும் ஒருங்கே அறிந்து வளரும் ஐதராபாத்துத் தமிழ்க் குழந்தைக்கு, இரு மொழியிலும் இயற்றிய ஒருவரின் பாடல்களை அனுபவிக்கும் தகுதி மற்றவரைவிட மிகுதி.

"நம் காலத்தில் யாரும் பாட்டு இயற்றவில்லையா?" என்று அந்தக் குழந்தை கேட்டால், இனி நாம் தயங்க வேண்டியதில்லை. இயற்றினார்கள் என்று கூறி, ஒரு பாட்டைப் பாடிக் காட்டலாம். பாடத் தெரியாதவர்கள் வானொலியைத் திருப்பி, குழந்தையோடு சேர்ந்து அமர்ந்து கேட்கலாம்.